சட்டை உரிக்கும் நாளில் சண்டை

புறாவோ லவ் பேர்ட்ஸோ முயலோ, எதை வாங்கப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது "ஜோடியா?" என்றுதான். ஒற்றையாக வாங்கிப் போனால் பாவம், ஏங்கிப்போகும் என்று நமக்கும் ஒரு நினைப்பு. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் லெபர்ட் கெக்கோ என்ற சிறுத்தைப் பல்லியிடம் இந்த நினைப்பு செல்லுபடியாகாது. ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டு, குடித்தனம் நடத்தட்டும் என்று நாம் தூங்கப் போனால், காலையில் ஒன்றுக்குக் கழுத்தில் காயம் இருக்கலாம். இல்லாவிட்டால் வாலே போயிருக்கலாம்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. இது சுவரில் ஏறாது. விரலடியில் ஒட்டும் பட்டைகள் இல்லை, நகங்கள் மட்டும்தான். சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது; கண்ணில் தூசி பட்டால் நாக்கால் துடைத்துக்கொள்ளும். இதற்கோ மூடித் திறக்கும் இமைகள் உண்டு. காலண்டருக்குப் பின்னால் நாம் பார்க்கும் பல்லி முட்டை ஓடு கெட்டியாக இருக்கும். இதன் முட்டை தோல்பை போல மெத்தென்று இருக்கும். கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த பல்லி அது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளின் பாறையும் புதருமான வறண்ட நிலம்தான் இதன் சொந்த ஊர். ஒன்றுவிட்ட உறவுகள் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கின்றன. ஒடிசா, ஆந்திரப் பகுதிகளில் வாழும் ஓர் இனத்தை 2022இல்தான் தனி இனம் என்று பெயரிட்டார்கள்.

விஷயத்துக்கு வருவோம். ஆண் பல்லி பெண்ணைக் கண்டுகொண்டதும் வால் நுனியைப் படபடவென்று அதிர விடும். தரையில் பட்டுச் சருகு சலசலப்பது போல ஓர் ஓசை எழும். அதுதான் அதன் காதல் மொழி. எதிரே நிற்பது இன்னோர் ஆண் என்றால் அந்த அதிர்வு கிடையாது. கால்களை ஊன்றி உடம்பை உயர்த்தும். அடுத்தது பாய்ச்சல், கடி. எனவே இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரே நிற்பது யார் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? கண்ணைவிட நாக்குக்குத்தான் அதில் வேலை அதிகம். நக்கிப் பார்த்து, தோலின் வாசனையை வைத்து முடிவு செய்கிறது.

ராபர்ட் மேசன், வில்லியம் குட்ஸ்கே என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தோலில் ஊறும் கொழுப்புப் பொருள்கள் ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம். அந்த ஆய்வில் என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. பெண் சட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு முன் அதனிடம் கொஞ்சிய ஆண், ஆணைத் தாக்குவது போலவே அதைத் தாக்கியது. பழைய தோல் கழன்று புதுத் தோல் வெளிப்பட்டதும் மறுபடியும் வால் அதிர்வு, மறுபடியும் கொஞ்சல். பெண் அதே பெண்தான். நடுவில் அதன் 'முகவரி' சற்று நேரம் அழிந்துபோயிற்று, அவ்வளவே.

வளர்ந்த பல்லி ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். நிறம் மங்கி, உடம்பெல்லாம் சாம்பல் பூசியது போலாகும். உரித்த தோலைத் தானே தின்றும் விடும். காட்டில் இந்த நேரத்தில் ஆண் துரத்தினால் பெண் வேறொரு பாறை இடுக்குக்குப் போய்விடலாம். மூன்றடித் தொட்டியில் எங்கே போகும்? மூன்று மாதம் சண்டை சச்சரவே இல்லை, நேற்றிரவுதான் இப்படி என்று வளர்ப்பவர்கள் புலம்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

குணம் முட்டைக்குள்ளேயே ஓரளவு முடிவாகிவிடுகிறது என்பது இன்னொரு வியப்பு. இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது குரோமோசோம் இல்லை. முட்டை இருக்கும் இடத்தின் சூடு. 26 டிகிரி செல்சியஸில் அடைவைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 30 டிகிரியில் பெண் அதிகம், 32.5 டிகிரியில் ஆண் அதிகம். ஆண் இன்னும் கூடும் என்று 34 டிகிரிக்குப் போனால் மறுபடியும் பெண்கள்! ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் இந்தப் பல்லிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும் 32.5 டிகிரியில் பொரிந்த பெண்கள், குறைந்த சூட்டில் பொரிந்த பெண்களைவிட ஆண்களிடம் அதிகச் சீற்றம் காட்டின. ஆண்களை அவ்வளவாக ஈர்க்கவும் இல்லை. கடையில் கைக்கு வரும் பல்லி எந்தச் சூட்டில் பொரிந்தது என்று வாங்குபவர் எவருக்குத் தெரியும்?

சண்டையே வராமல் இரண்டும் ஒத்துப்போய்விட்டால்? அப்போது ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது. இணையும்போது ஆண் பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கீறல் ஆறிவிடும், பெரிதில்லை. முட்டைதான் பெரிது. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு பருவத்தில் இப்படிப் பல ஈடு. 60 கிராம் எடையுள்ள ஓர் உயிர் அத்தனை முட்டைக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. கூடவே ஆண் இருந்தால் இளைப்பாற நாளே இல்லை. கால்சியம் வற்றிக் கைகால் நடுங்கும். முட்டை வெளிவராமல் வயிற்றிலேயே சிக்கி உயிரைக் குடிப்பதும் உண்டு. ஒரு வயது நிறையாத, 45 கிராமை எட்டாத பெண்ணை ஆணிடம் விடுவது சிறுபிள்ளையைப் பிள்ளைத்தாய்ச்சி ஆக்குவதற்குச் சமம்.

தெரியாமலே இப்படி நடந்துவிடுவதும் உண்டு. குஞ்சில் பால் பிரித்தறிவது கடினம். சில மாதங்கள் போனபின், பின்னங்கால்களுக்கு நடுவே தலைகீழ் 'வி' வடிவில் துளை வரிசை தெளிவாகத் தெரிந்து, வாலின் அடியில் இரட்டைப் புடைப்பும் இருந்தால் அது ஆண். 'இரண்டும் பெண்' என்று நம்பி வாங்கிய குஞ்சுகளில் ஒன்று இப்படி வேஷம் கலைப்பதற்குள் மற்றது முட்டையோடு நிற்கும்.

இரண்டு பல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துறங்கும் படங்களை இணையத்தில் பார்த்து உருகுகிறோம். பெரும்பாலும் அது பாசமில்லை, இடப்பிடிப்பு. தின்ற புழு செரிக்க வயிற்றுக்கடியில் சூடு வேண்டும். தொட்டியில் சூடான மறைவிடம் ஒன்றே ஒன்று இருந்தால், வலியது அதை அமுக்கிக்கொள்ளும். மற்றது மெல்ல மெல்ல இளைக்கும். வால்தான் அதன் கொழுப்புக் கிடங்கு என்பதால் முதலில் வால் மெலியும். நெருக்கடி முற்றினால் அந்த வாலையே உதறிவிட்டு ஓடும். மறுபடி முளைப்பது உள்ளே எலும்பில்லாத, டர்னிப் கிழங்கு போன்ற ஒரு குட்டை வால்.

அனுபவசாலிகள் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி வைக்கிறார்கள். தொட்டிக்குத் தொட்டி சூடான மறைவு ஒன்று, குளிர்ந்த மறைவு ஒன்று, சட்டை சுலபமாகக் கழல ஈரப்பாசி வைத்த மறைவு ஒன்று. புதிதாக வந்ததை இரண்டு மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, எச்சத்தைப் பரிசோதித்த பிறகே பக்கத்தில் கொண்டுவருவார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குப் போனால் வால்கள் குச்சியாகிவிடும். குஞ்சு வேண்டுமென்றால் மட்டும், பெண்ணைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, சட்டை உரிக்கும் நாள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணெதிரே சேர்த்துவிடுவார்கள். வால் அதிர்ந்தால் சரி. கடி விழுந்தால் அந்த நிமிடமே பிரிப்பு.

அதிக நாள் சேர்த்து வைக்கவும் தேவையில்லை. பெண் விந்தைத் தன் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு சேர்க்கையே பல ஈடு முட்டைக்குப் போதும். பிரித்த அன்று இரவு இரண்டில் எதுவும் மற்றதைத் தேடுவதாகத் தெரிவதில்லை. புழு தின்றுவிட்டு, சூடான கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கின்றன.