குழந்தையின் கல்வியும் ஆசிரியரின் குறிப்பேடும்

ஒரு குழந்தை பள்ளியில் எவ்வளவு கற்றிருக்கிறது என்று அறிய விரும்பினால், நாம் உடனே மதிப்பெண்ணைத் தேடுகிறோம். பத்துக்கு ஒன்பது என்றால் கற்றுவிட்டது என்றும், நான்கு என்றால் கற்கவில்லை என்றும் முடிவு கட்டுகிறோம். ஆறு வயதுக் குழந்தையைப் பொறுத்தவரையில் இது அவசர முடிவு என்றே நான் கருதுகிறேன். கைதவறிய அந்த ஆறு விடைகளில் குழந்தை என்ன நினைத்தது? எண் அதைச் சொல்வதில்லை.

பாரிசு நகரில் ஆல்பிரெட் பினே என்னும் அறிஞர், சீமோன் என்பவருடன் சேர்ந்து 1905-ஆம் ஆண்டில் குழந்தைகளின் அறிவை அளக்கும் சோதனை ஒன்றை வகுத்தார். பினே மறைந்தபின், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணி செய்யச் சுவிட்சர்லாந்திலிருந்து ழான் பியாஜே என்னும் இளைஞர் வந்தார். இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட சில வினாக்களைப் பாரிசுக் குழந்தைகளிடம் கேட்டு விடைகளைக் கணக்கிடுவதே அவருக்கு இட்ட வேலை. அவர் மனமோ தவறான விடைகளின்பாற் சென்றது. ஒத்த வயதுடைய குழந்தைகள் ஒரே வகையாகத் தவறுவதை அவர் கண்டார். ஏன் அவ்வாறு நினைத்தார்கள் என்று குழந்தைகளையே கேட்டு, அவர்கள் விடைகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். நத்தை இனங்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அல்லவா! கண்டதைக் கண்டபடி குறிக்கும் பழக்கம் அவருக்கு முன்பே உண்டு.

தவற்றுக்குள்ளும் ஒழுங்கான சிந்தனை இருக்கக்கூடும் என்பதை அறிய நாம் பாரிசு வரை செல்ல வேண்டுவதில்லை. நம் எண்ணுப் பெயர்களே போதும். “நூற்று இருபத்தைந்து” என்று ஆசிரியர் சொல்ல, ஒரு சிறுமி சிலேட்டில் 100205 என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூறு தெரிகிறது, இருபது தெரிகிறது, ஐந்தும் தெரிகிறது. கேட்ட வரிசையில் மூன்றையும் பிழையின்றி எழுதியிருக்கிறாள். இடமதிப்பு ஒன்றுதான் இன்னும் கைவரவில்லை. தொள்ளாயிரம் என்ற சொல்லைக் கேட்டு ஒரு சிறுவன் மூன்று சுழிகள் இட்டுவிட்டால், அச்சொல்லின் ஈற்றில் ஆயிரம் ஒலிப்பதை அவன் செவி பிடித்துவிட்டது என்றன்றோ கொள்ள வேண்டும்?

பெருக்கற்குறி ஒன்றை இட்டுச் சிலேட்டை அழித்துவிட்டால் இச்செய்தி முழுவதும் அழிந்துபோகும். ஆகவேதான் ஆசிரியருக்குக் குறிப்பேடு வேண்டும். அதில் நாளும் விடையும் இருக்க வேண்டும். குழந்தை சொன்ன காரணம் அதன் சொற்களிலேயே இருக்க வேண்டும். “மந்தம்” என்று எழுதுவது குறிப்பு ஆகாது, அது தீர்ப்பு. முதல் வகுப்பில் விழுந்த அச்சொல் அடுத்தடுத்த ஆசிரியர் கைகளில் அக்குழந்தையைத் தொடர்ந்து செல்லும். “வினாவைக் கேட்டபின் நெடுநேரம் விரல்விட்டு எண்ணினாள், விடை சரி” என்று எழுதுவதே குறிப்பு.

வாசிப்புக்கும் இத்தகைய முறை உண்டு. நியூசிலாந்து நாட்டு மேரி கிளே அம்மையார் 1960-களில் ஆக்லாந்துப் பள்ளிகளில் நூறு குழந்தைகளின் முதலாண்டு வாசிப்பை வாரந்தோறும் கவனித்தார். அவர் வகுத்த முறையில் ஆசிரியர் குழந்தையின் அருகே அமர்ந்து, சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிக்குறி இடுகிறார். பிறழ்ந்த இடத்தில் குழந்தை சொன்ன சொல்லையே எழுதுகிறார். குழந்தை தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக்குறி. எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தனிக்குறிதான். சாதாரணத் தேர்வில் அதற்கு இடமே இல்லை.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கோருகிறது. கோருவது எளிது. தணிக்கைக்கு முந்திய மாலையில் ஒரே மையில், எல்லாப் பெயருக்கும் நேரே “நன்று” என்று நிரப்பப்படும் ஏடுகளை நான் மதிப்பீடு என்று சொல்லமாட்டேன். ஆசிரியருக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். முப்பது குழந்தைகளையும் நாள்தோறும் குறிக்க எவராலும் இயலாது. நாளுக்கு மூவர் என்றால் பத்துப் பள்ளி நாட்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். ஜூலையில் 100205 என்று எழுதிய அச்சிறுமி, செப்டம்பரில் 125-ஐச் சரியாக எழுதி, நூற்றைந்தை மட்டும் 1005 என்று எழுதக்கூடும். இரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு, மறுநாள் காலையில் சுழியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.