கைக்கடிகாரம் அளப்பது எது, கணிப்பது எது?

ஸ்மார்ட் வாட்ச்சைக் கையிலிருந்து லேசாகத் தூக்கி அடியில் பார்த்தால், பச்சை விளக்கு படபடவென்று மினுக்குவது தெரியும். பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் பெருகி, திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே கூடுகிறது. பக்கத்திலுள்ள ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நாடித்துடிப்பைச் சொல்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இந்த எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். ஓடும்போதும் பட்டை தளர்ந்திருக்கும்போதும் தடுமாறும்.

தூக்கத்தின் ஆழம், மன அழுத்தம், எரிந்த கலோரி எல்லாம் நாடித்துடிப்பையும் கை அசைவையும் வைத்துப் போடுகிற கணக்குதான். மூளை அலைகளைப் பதிவு செய்யாமல் ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. திரையில் அந்த எண் குறைந்துவிட்டதே என்று காலையிலேயே கவலைப்படுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கருவிகளின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். உள்ளே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்குக் கோளாறு வந்து வந்து போவதால், மருத்துவமனையில் எடுக்கும் சில நொடி இசிஜியில் சிக்காமலும் போகும். எந்நேரமும் கையில் கிடக்கும் கருவிக்கு அது சிக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச் அணிந்த சுமார் 4.19 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. 'துடிப்பு சீராக இல்லை' என்ற எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு மட்டுமே. பிறகு மார்பில் இசிஜி பட்டை ஒட்டிப் பரிசோதித்த 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு இந்தக் கோளாறு பதிவானது. எஞ்சியோருக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டை ஒட்டியிருந்த நாட்களில் அது தலைகாட்டாமல் இருந்திருக்கலாம். ஆகவே எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

2018 முதல் சில கடிகாரங்கள் தாமே இசிஜி எடுக்கின்றன. விரலை வைத்து 30 நொடி காத்திருந்தால் போதும். ஆனால் மருத்துவமனையின் 12 லீட் இசிஜி இதயத்தைப் பல கோணங்களில் பார்க்கிறது. கடிகாரம் ஒரே கோணத்தில் பார்க்கிறது. மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடிகாரம் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவில் நம் போன்ற நிறத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோலின் மெலனின் ஒளியைக் குறுக்கே உறிஞ்சும். விரலில் மாட்டும் மருத்துவமனைக் கருவிகளே, ஆக்சிஜன் குறைந்திருந்ததை வெள்ளையரைவிட கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதாக 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சர்க்கரை விஷயம் இன்னும் தீவிரமானது. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. புஜத்தில் ஒட்டும் சிஜிஎம் (சர்க்கரையைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி) வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இறங்கி, அங்குள்ள திரவத்தில் சர்க்கரையை நிஜமாகவே அளக்கிறது. கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால், சில மணி நேரத்திலேயே சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பலாம், உயிரே போகலாம்.