ரிப்பன் மாளிகைக்குள்ளே ஒரு குட்டிச் சுற்று!

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கி, ரயிலேறி சென்னை சென்ட்ரலில் கால்வைக்கும் மலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வெள்ளை மாளிகையைத் தெரியும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே பளீரென்று நிற்கும் ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகம். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதுதான் நம் வழக்கம். இன்றைக்கு ஓட வேண்டாம். வாங்க, எட்டிப் பார்ப்போம்!

முதலில் மேலே. சுமார் 43 மீட்டர் உயரக் கோபுரத்தில் எட்டு அடி அகல முகத்தோடு ஒரு கடிகாரம். அதை ஓட வைப்பது என்ன தெரியுமா? சாவி! ஓர் ஆள் போய் முறுக்கிவிட வேண்டும், அதுவும் தினமும். 1913இல் ஓக்ஸ் கம்பெனி மாட்டிய கடிகாரம் இது. உள்ளே நான்கு மணிகள். அவற்றை வார்த்தது இங்கிலாந்தின் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் வார்ப்படசாலை. கால் மணிக்கொரு முறை ஒலிக்கும்படி அமைத்த மணிகள். சென்ட்ரலின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்த ஓசை காதில் விழுந்தால் அன்றைக்கு நமக்கு யோகம்தான்.

இனி சுவர்கள். 1909 டிசம்பரில் வைஸ்ராய் மிண்டோ அடிக்கல் நாட்ட, ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வரைபடம் போட, லோகநாத முதலியார் கட்டி முடித்தார். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் முதலியாருக்குக் கொடுத்தது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கூரைக்குத் தேக்கு உத்தரம். பக்கத்தில் மெட்ரோ ரயிலுக்குப் பூமியைக் குடைந்த காலத்தில் இந்தக் கட்டடத்தையும் பழுதுபார்த்தார்கள். அப்போதும் சிமென்டை நம்பாமல் சுண்ணாம்பையே தேடிப் போனார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பது பழைய கொத்தனார்களின் கைமுறை. கடுக்காய் என்றதும் என் காது நிமிர்ந்துவிட்டது. எங்கள் ஜவ்வாது மலைக் காட்டில் பொறுக்கும் சரக்காயிற்றே!

வீடு 1913இல் வந்தது, மாநகராட்சியோ 1688லேயே பிறந்துவிட்டது. இந்தியாவிலேயே மூத்தது. இங்கே குடிவருமுன் ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டி தெருவில் இருந்தது.

மன்றக் கூடத்தைப் பார்க்காமல் போகலாமா? வார்டு வார்டாக மக்கள் தேர்ந்தெடுத்த 200 கவுன்சிலர்களின் சபை இது. 2022 மார்ச்சில் மேயரின் சிவப்பு அங்கியை அணிந்து, செங்கோல் ஏந்தியவர் பிரியா. வயது 28! இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். 1957இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், அதற்கப்புறம் பெண் மேயரைப் பார்க்க இந்த மாளிகை அரை நூற்றாண்டு காத்திருந்திருக்கிறது. ரொம்ப நீண்ட காத்திருப்பு, அநியாயமாக நீண்டது.

ரிப்பன் யார் என்று கேட்பீர்கள். 1880 முதல் 1884 வரை வைஸ்ராய். ஊர்க்காரியத்தை ஊர்க்காரர்களே பார்க்கட்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்தவர். அந்தத் தீர்மானம் பட்டணத்தோடு நிற்கவில்லை. 1884இல் சென்னை மாகாணத்துக்கு உள்ளாட்சிச் சட்டம் வந்து தாலுகா போர்டுகள் அமைந்தன. 1958 சட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. ஜமுனாமரத்தூரில் இருக்கும் எங்கள் ஜவ்வாது மலை ஒன்றிய அலுவலகம் அந்த வழியில் வந்ததுதான். குடிநீர்க் குழாய்க்கு நாங்கள் மனு எழுதிக்கொண்டு போகிற அலுவலகமும் இந்த மாளிகையும் ஒரே வம்சம் என்று நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை!

வாசலுக்கு வருவோம். அங்கே சிலையாக நிற்கிறார் சர் பிட்டி தியாகராயர், தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று ஒரு தீர்மானம் நிறைவேறியது: ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். ஓர் அணா! பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகக்கூடாது என்ற கவலையில் பிறந்த தீர்மானம். சில ஆண்டுகளில் வெள்ளை அரசு அந்தச் செலவுக்குத் தடை போட்டது. ஆனாலும் சுவை கண்ட யோசனை சாகுமா? 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டப் பட்டியலிலேயே மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன.