வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

புதுச்சேரி நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து பிறக்கும் கரண்டும் அதில் உண்டு. வில்லியனூர் துணைமின் நிலையத்தில் அது 230 கிலோவோல்ட். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது 230 வோல்ட்.

எண் ஒன்றுதான், அலகும் அளக்கும் இடமும் வேறு. மின்கோபுரத்தில் 230 கிலோவோல்ட் என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே பார்த்தால் சுமார் 133 கிலோவோல்ட், அதாவது வீட்டு மின்னழுத்தத்தைப் போல ஏறத்தாழ 577 மடங்கு. அழுத்தம் அத்தனை மடங்கு கூடியதால், அதே மின்திறனைக் கொண்டுசெல்ல 577இல் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜூல் 1841இல் வெளியிட்ட விதி அது. ஆக, அதே கம்பியில் இழப்பு மூன்று லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டிலேயே நெய்வேலியிலிருந்து அனுப்பினால், கம்பியைச் சூடாக்குவதற்கே கரண்ட் செலவாகிவிடும்.

இந்தக் கணக்கு முழுவதும் இரண்டே செய்கைகளில் அடங்குவதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஒரு கருவிக்குக் கிடைக்கும் வோல்ட்டையும் அதில் ஓடும் ஆம்பியரையும் அளந்துகொள்ளுங்கள். வகுத்தால் அதன் மின்தடை, ஓமில். பெருக்கினால் அதன் மின்திறன், வாட்டில். வகுத்தல், அது எப்படிப்பட்ட பொருள் என்று சொல்கிறது. பெருக்கல், அது இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது. இஸ்திரிப் பெட்டி, கீசர், குண்டு பல்பு போன்று வெறும் தடையாக நிற்பவற்றுக்கு இது நேராகப் பொருந்தும். மின்விசிறி, மோட்டார், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்குக் கணக்கில் வேறு திருத்தங்கள் வேண்டும்.

ஜார்ஜ் ஓம் இந்த வகுத்தல் உறவை 1827இல் புத்தகமாக வெளியிட்டபோது, அழுத்தம் மாறாத மின்மூலம் கிடைப்பதே அரிது. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் அளக்க அளக்கவே இறங்கிவிடும். அதனால் அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வேறுபாட்டிலிருந்து ஆடாத மின்னோட்டத்தைப் பெற்றார். அவருடைய நாட்டில் அதற்கு முதலில் வரவேற்பு இல்லை. பிறகு, 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் மூன்றையும் உலகுக்குப் பொது அலகுகளாக ஏற்றது. புதுச்சேரி அன்று அந்தப் பாரிசின் ஆட்சியில்தான் இருந்தது.

60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். எரியும்போது 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் இழுக்கும். வகுத்தால் தடை ஏறக்குறைய 880 ஓம். அதே பல்பை அணைத்து, ஆறவிட்டு, மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள்: அறுபது ஓம் சொச்சம்தான் காட்டும். இரண்டும் சரி. டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் தடையும் ஏறுகிறது. ஏறக்குறைய 14 மடங்கு ஏறியிருக்கிறது என்றால், இழை 2,400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது என்று பொருள். எந்த வெப்பமானியும் நுழைய முடியாத கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் வெப்பநிலையை வெளியிலிருந்தே ஒரு வகுத்தல் சொல்லிவிடுகிறது! சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருக்கும், தடை குறைவு, 60 வாட் பல்பு ஒரு கண்ணிமைப்புக்கு 800 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பட்டென்று போனதற்கு இதுதான் காரணம்.

வோல்டேஜ் 180க்கு இறங்கினால் கீசரின் திறன் 61 விழுக்காடாகிவிடும், வர்க்கம் அங்கும் வேலை செய்வதால்.

ஆனால் இந்த ஊருக்கு மிக வேண்டிய கணக்கு உப்புக்காற்றைப் பற்றியது. கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளிலும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமும் ஈரத்தோடு வரும் உப்பு, ப்ளக் பாயிண்டின் பித்தளையையும் திருகுகளையும் அரிக்கிறது. 2,000 வாட் கீசர் நல்ல இணைப்பில் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை 26 ஓமுக்குச் சற்று மேல். அரித்துப்போன ஒரு முனையில் அரை ஓம் சேர்ந்தது என்று வைப்போம். மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. அந்த முனையில் மட்டும் 36 வாட் வெப்பம், ரேடியோ மெக்கானிக்கின் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிக வெப்பம் தரும் ஒரு புள்ளி சுவருக்குள் இருப்பதுபோல. சூடு கூடினால் அரிப்பும் கூடும். தடை ஒரு ஓமானால் வெப்பம் 70 வாட். இவ்வளவு நடந்தும் ப்யூஸ் போகாது, எம்.சி.பி. விழாது. அவை மிகுதியான மின்னோட்டத்துக்குத்தான் பதில் சொல்லும். இங்கே மின்னோட்டம் குறைந்துகொண்டிருக்கிறது. பாயிண்ட் கருகும் வாடை வந்தபிறகும் எம்.சி.பி. அசையாமல் இருப்பதைப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அது எனக்கு உண்மையான கவலை.

மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் இந்த அரை ஓம் சரியாகத் தெரியாது; மீட்டரின் கம்பிகளே ஏறக்குறைய அவ்வளவு காட்டும். கீசர் ஓடும்போதுதான் பிடிக்க வேண்டும். அனுபவமுள்ள வயர்மேன் போர்டில் 229 வோல்ட், ப்ளக்கில் 225 வோல்ட் என்று அளந்து, டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டி 8.5 ஆம்பியர் என்று படிக்கிறார். நடுவே காணாமல் போனது 4 வோல்ட். வகுத்தால் 0.47 ஓம், பெருக்கினால் 34 வாட். நல்ல கம்பியே சிறிது வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால், அதைக் கழித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். குறை முனையில்தான் என்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது போதாது. சூட்டில் உள்ளிருக்கும் பித்தளை தன் பிடிமானத்தை இழந்திருக்கும். சாக்கெட்டையே மாற்றி, கருகிய கம்பி முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, திருகை இறுக்க வேண்டும்.