தற்செயல் யாரைக் காப்பாற்றுகிறது?

2020 ஒக்டோபரில் கொரோனாத் தொற்றால் பேலியகொடை மத்திய மீன் சந்தை மூடப்பட்டபோது, முன்பின் அறியாத மனிதர்கள் ஒரே தொற்றாளர் பட்டியலில் சேர்ந்தார்கள்: மொத்த வியாபாரி, பெட்டி தூக்கும் நாட்டாமி, லொறிச் சாரதி, தூரத்து ஊர்ச் சந்தையில் மீன் வெட்டுபவர், அவரிடம் கறிக்கு மீன் வாங்கிய குடும்பம். செய்திகள் அதைக் 'கொத்தணி' என்றன. பார்வைக்குத் தற்செயல், துருவிப் பார்த்தால் காரணம் இருந்தது. பல மாவட்டங்களுக்குப் போகும் மீன் அந்த ஒரே இடத்தில்தான் கைமாறுகிறது.

பல கதைகளை ஒரே முடிச்சில் கட்டும் படங்களையும் இப்படித்தான் துருவவேண்டும். தற்செயலுக்குப் பின்னால் காரணம் உண்டா? இல்லை, கணக்கை முடிக்க இயக்குநர் அதைக் கூப்பிட்டாரா?

2006இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பெற்ற 'கிராஷ்' படத்தில், ஒரு பெண்ணைச் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்திய பொலிஸ்காரனே மறுநாள் எரியும் காரிலிருந்து அவளை மீட்கிறான். லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரத்தில் அவனை அங்கே அனுப்பியது திரைக்கதையின் தேவை மட்டுமே. 2011இல் வந்த 'வானம்' படத்திலும் அதே கதிதான். சிறுநீரகம் விற்ற ஏழையின் பணத்தைத் திருடிய இளைஞன் அதைத் திருப்பிக் கொடுக்கிறான். உடனே அந்த ஏழை இருக்கும் மருத்துவமனையில் பயங்கரவாதிகள் நுழைய, அவன் தியாகியாகிறான். அவனை மன்னிப்பதா என்று யோசிக்க நமக்கு அவகாசமே இல்லை.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) இரண்டு வழியிலும் போகிறது. கொடுமைக்காரப் பொலிஸ்காரன் பேர்லினின் தலையில் தொலைக்காட்சிப் பெட்டி விழுகிறது. அரங்கம் சிரிக்கிறது, அவனைப்பற்றிய கேள்வி அங்கேயே முடிகிறது. ஆனால் மகனைத் தேடி வீடு திரும்பும் ஷில்பா, பிள்ளைகளைப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலிடம் ஒப்படைத்த தன் பாவத்தைச் சொல்லும்போது அவளைக் கழுவிவிட எந்த விபத்தும் வருவதில்லை. நேசமும் குற்றமும் ஒரே உடம்பில் கிடக்கின்றன.

நம் நாட்டில் இதை இன்னும் கடுமையாகச் செய்தவர் பிரசன்ன விதானகே. 2003இல் வெளிவந்த அவரது 'இர மெதியம' சிங்களப் படத்தில் மூன்று கதைகள் ஓடுகின்றன. காணாமல்போன விமானியைத் தேடும் மனைவி. புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்படும் முஸ்லிம் குடும்பத்தில் நாயைப் பிரிய மறுக்கும் சிறுவன். விடுமுறையில் வந்து அனுராதபுரத்து விபசார விடுதியில் தன் தங்கையையே காணும் சிப்பாய். மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் உச்சக்காட்சி கிடையாது.

அண்ணன் தங்கையைக் கண்டது தற்செயலா? போர்க்காலத்தில் போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்கள் தங்கிச் சென்ற நகரம் அனுராதபுரம். அவர்களது சம்பளத்தை நம்பியே அந்த விடுதி நடக்கிறது. வறுமை அண்ணனைப் படைக்கு அனுப்பினால், தங்கையையும் எங்கோ அனுப்பத்தான் செய்யும். அந்தச் சந்திப்பில் யாரும் மீட்கப்படுவதில்லை. வாடிக்கையாளனாக வந்தவனும் அதில் பங்காளிதான்.

நல்ல படத்தில் தற்செயல் வழக்கைத் தொடங்கிவைக்கும், தீர்ப்பை எழுதாது. அடுத்தமுறை இப்படியொரு படத்தைப் பார்த்து முடித்ததும், விபத்து யாரைத் தண்டனையின்றி விடுவித்தது என்று கேட்டுப்பாருங்கள். படத்தின் நேர்மை அதில் தெரிந்துவிடும்.