பங்கீட்டுக் காலத்துப் பட்சணம்

மாவை அப்பளமாய் இட்டு, பழத்தைப் பொதிந்து சுடும் 'பை' என்னும் பட்சணம் ஆங்கிலேயருக்கு மிகவும் பிரியமானது. 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. வெண்ணெய் அதிகம் விழுங்கும் 'பை' கட்டுப்படியாகவில்லை. உதிரி மாவைப் பழத்தின்மேல் தூவிச் சுடும் 'கிரம்பிள்' வீடுதோறும் பரவிற்று.

செய்முறை எளிது. நான்கு ஆப்பிள்களைத் தோல் சீவி நறுக்கி, 2 மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடி, அரைத் தேக்கரண்டி லவங்கப்பட்டைத் தூள், ஒரு சிட்டிகை மிளகுத் தூள் கலந்து தட்டில் பரப்பவேண்டும். 200 கிராம் மைதாவில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்தால் புட்டு மாவு போலாகும். பிசையலாகாது, வெண்ணெய் உருகி மாவு இறுகிவிடும். 75 கிராம் சர்க்கரை சேர்த்துப் பழத்தின்மேல் தூவி, ஓவனில் 180 டிகிரி சூட்டில் 40 நிமிஷம் சுட்டால் பொன்னிறமாகும்.

காரம் எதற்கு? சர்க்கரை குறைந்த குறையைச் சுக்கும் மிளகும் தீர்க்கின்றன.

இருப்பதை எல்லோரும் பகிர்ந்துண்ணச் செய்வதே பங்கீடு. ஆனால் அதே ஆட்சியின் கீழ், 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். கல்கத்தாவுக்குப் பங்கீடு வந்ததோ 1944-ல்தான். இப்பட்சணத்தின் சரித்திரத்தில் அதுவும் ஒரு பகுதியன்றோ?