மெய்நிகர் வெளியின் ஒலி: இசைத் தயாரிப்பிலும் ஒலி வடிவமைப்பிலும் எதிர்முழக்கச் செருகுநிரலின் இயங்குமுறையும் பயன்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

கணினிவழி இசைத் தயாரிப்பில் ‘ரிவெர்ப்’ எனப்படும் எதிர்முழக்கச் செருகுநிரல் இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஆயினும் அது பெரும்பாலும் ஒலிக்கு மெருகூட்டும் ஓர் அலங்காரமாகவே கருதப்படுகிறது. எதிர்முழக்கம் என்பது ஓர் ஒலி எத்தகைய இடத்தில், கேட்பவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் எழுந்தது என்பதைப் பற்றிய தகவல் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, அச்செருகுநிரல் இயங்கும் இரு முறைகளையும், அதன் அளபுருக்களையும், அதனால் விளையும் ஆவணவியல் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்முழக்கம், செருகுநிரல், துடிப்பு மறுமொழி, கன்வல்யூஷன், ஒலி வடிவமைப்பு, ஒலி ஆவணம்.

முன்னுரை

ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்கள் ஒலியை உறிஞ்சுமாறு அமைக்கப்படுகின்றன. பாடகரின் வாய்க்கு மிக அருகில் ஒலிவாங்கி வைக்கப்படுகிறது. இவ்வாறு பதிவாகும் குரல் தெளிவாக இருக்கும். ஆனால் அக்குரலுக்கு இடம் இராது. இயற்கையில் மனிதச் செவி இத்தகைய ஒலியைக் கேட்பது அரிது. வீட்டுக் கூடம், மண்டபம், குகை, தெரு என ஒவ்வோர் இடமும் தன் அளவையும் சுவர்களின் தன்மையையும் ஒலியின்மீது பதிக்கின்றது. பதிவின்போது நீக்கப்பட்ட இந்த இட உணர்வைப் பின்னர் வழங்குவதே எதிர்முழக்கச் செருகுநிரலின் பணியாகும்.

1. எதிரொலியும் எதிர்முழக்கமும்

இவ்விரு சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே ஆளப்படுகின்றன. ஒலியியலில் இவை வேறானவை. மூல ஒலியிலிருந்து பிரித்தறியத்தக்க இடைவெளிக்குப் பின் தனியாகக் கேட்கும் மறுபிரதி எதிரொலி. சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற அலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்து, படிப்படியாகத் தேய்ந்து மறையும் தொடரொலி எதிர்முழக்கம்.

எதிர்முழக்கத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் நேரடி ஒலி செவியை அடைகிறது. அடுத்து, ஓரிரு பரப்புகளில் மட்டும் பட்டுத் திரும்பிய தொடக்க எதிரொளிப்புகள் வருகின்றன. இவை அறையின் அளவையும் வடிவத்தையும் செவிக்கு உணர்த்துபவை. இறுதியாக, திசை பிரித்தறிய இயலாத அடர்ந்த வால்பகுதி தொடர்கிறது. ஒலியின் அளவு 60 டெசிபெல் குறைவதற்கு ஆகும் காலம் ‘எதிர்முழக்க நேரம்’ என வரையறுக்கப்படுகிறது.

இவ்வளவீட்டிற்கு அடித்தளமிட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சபைன். அங்குள்ள ஃபாக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்காமல் போனதற்கான காரணத்தைக் கண்டறியும் பணி 1895இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சொல் அம்மண்டபத்தில் ஐந்து விநாடிகளுக்கும் மேலாக ஒலித்தது. அதற்குள் பேச்சாளர் பல சொற்களைக் கடந்திருப்பார். ஆர்கன் குழாயையும் இருக்கை மெத்தைகளையும் கொண்டு சபைன் நிகழ்த்திய சோதனைகளின் விளைவாக ஓர் எளிய சூத்திரம் கிடைத்தது. அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

சான்றாக, 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையின் கனஅளவு 320 கன மீட்டர். உறிஞ்சும் பரப்பு 40 சதுர மீட்டர் எனக் கொண்டால், எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 1.3 விநாடி. அதே அறையில் 60 பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவதாகக் கொண்டால் அது 0.8 விநாடிக்கும் கீழாகக் குறைந்துவிடும். ஓர் இடத்தின் ஒலி அதன் சுவர்களால் மட்டுமன்றி அங்குக் கூடியிருப்போராலும் தீர்மானிக்கப்படுகிறது என்பது இதனால் பெறப்படும்.

2. அறையிலிருந்து கருவிக்கு

செயற்கை எதிர்முழக்கம் முதலில் உண்மையான அறைகளைக் கொண்டே உருவாக்கப்பட்டது. பதிவான ஒலியை வெற்றறை ஒன்றில் ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்து, அதை மீண்டும் ஒலிவாங்கியால் பதிவுசெய்தனர். 1947இல் வெளியான ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்னும் ஹார்மோனிகாட்ஸ் குழுவின் பதிவுக்குப் பில் புட்னம் ஒரு குளியலறையை இவ்வாறு பயன்படுத்தினார். 1957இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘140’ என்னும் கருவியில் அறைக்கு மாற்றாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய எஃகுத் தகடு அதிர்ந்தது. அதே நிறுவனம் 1976இல் ‘250’ என்னும் எண்முறைக் கருவியை வெளியிட்டது. இன்றைய செருகுநிரல்கள் பலவற்றில் காணப்படும் ‘சேம்பர்’, ‘பிளேட்’, ‘ஹால்’ ஆகிய தெரிவுப் பெயர்கள் இவ்வரலாற்றின் எச்சங்களே.

3. படிமுறை எதிர்முழக்கம்

செருகுநிரல்கள் இயங்கும் முறை இருவகைப்படும். முதலாவது, கணிதப் படிமுறையால் எதிர்முழக்கத்தை உருவாக்குவது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு வழிவகுத்தன. ஒலியைச் சிறிது காலம் தாமதித்து, வலிமையைக் குறைத்து, மீண்டும் உள்ளீட்டிலேயே சேர்க்கும் சுற்றுக்குச் ‘சீப்பு வடிப்பான்’ என்று பெயர். அதன் அதிர்வெண் வரைபடம் சீப்பின் பற்களைப் போல் அமைவதால் இப்பெயர் ஏற்பட்டது. இத்தகைய வடிப்பான்கள் பலவற்றை இணையாக இயக்கி, அவற்றின் வெளியீட்டை ‘அனைத்தும் கடத்தும் வடிப்பான்’கள் வழியே செலுத்தினால் தனித்தனி எதிரொலிகள் அடர்ந்து தொடர் முழக்கமாகின்றன.

பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட ‘ஃப்ரீவெர்ப்’ என்னும் நிரல் இதற்குத் தெளிவான சான்று. ஒவ்வோர் ஒலித்தடத்திற்கும் எட்டுச் சீப்பு வடிப்பான்களும் நான்கு அனைத்தும் கடத்தும் வடிப்பான்களும் அதில் உள்ளன. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வீதத்தில், மிகக் குறுகிய சீப்பு வடிப்பானின் தாமதம் 1,116 மாதிரிகள். அதாவது சுமார் 25 மில்லிவிநாடி. மிக நீண்டதன் தாமதம் 1,617 மாதிரிகள். அதாவது சுமார் 37 மில்லிவிநாடி. தாமதங்கள் ஒன்றன் மடங்காக மற்றொன்று அமையாதவாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவ்வாறு அமைந்தால் எதிரொலிகள் ஒரே கணத்தில் குவிந்து உலோகத் தன்மையுள்ள ஒலி தோன்றும்.

‘அறையின் அளவு’ என்னும் குமிழைத் திருப்பும்போது இந்நிரலில் அறை எதுவும் பெரிதாவதில்லை. மீள்செலுத்தும் விகிதமே மாறுகிறது. அவ்விகிதம் 0.84 எனில் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 1.5 டெசிபெல் குறையும். 60 டெசிபெல் குறைவதற்கு ஏறத்தாழ 40 சுற்றுகள் வேண்டும். எனவே உயர் அதிர்வெண் தணிப்பைக் கணக்கில் கொள்ளாவிடில், எதிர்முழக்க நேரம் ஒன்று முதல் ஒன்றரை விநாடி வரை அமையும். விகிதம் 0.98 ஆனால் அது எட்டரை விநாடியைக் கடந்துவிடும். குமிழின் சிறு நகர்வும் பெரும் விளைவை ஏற்படுத்துவதன் காரணம் இதுவே.

4. கன்வல்யூஷன் எதிர்முழக்கம்

இரண்டாவது முறை, உண்மையான ஓர் இடத்தை அளந்து பயன்படுத்துவது. ஓர் இடத்தில் பலூனை வெடித்தோ, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண்வரை படிப்படியாக ஏறும் சோதனை ஒலியை ஒலிக்கச் செய்தோ அவ்விடத்தின் ‘துடிப்பு மறுமொழி’ பெறப்படுகிறது. ஒரே கணம் எழும் ஒலிக்கு அவ்விடம் அளிக்கும் முழு விடை அது. எண்முறை ஒலி என்பது அடுத்தடுத்த மாதிரிகளின் வரிசை. ஒவ்வொரு மாதிரியும் தன் வலிமைக்கேற்ப அத்துடிப்பு மறுமொழியின் ஒரு படியை எழுப்புவதாகக் கொண்டு, அப்படிகள் அனைத்தையும் உரிய காலத்தில் கூட்டுவதே கன்வல்யூஷன்.

மூன்று விநாடி நீளமுள்ள மறுமொழிக்கு இதனை நேரடியாகக் கணக்கிட்டால், ஒரு தடத்திற்கு விநாடிக்கு ஏறத்தாழ 583 கோடிப் பெருக்கல்கள் தேவைப்படும். மறுமொழியைப் பகுதிகளாகப் பிரித்து, விரைவு ஃபூரியே உருமாற்றத்தின் வழியே கணக்கிடும் உத்திகளே இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தன. 1999இல் சோனி நிறுவனம் இம்முறையில் இயங்கும் தனிக் கருவியை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் ‘ஆல்டிவெர்ப்’ போன்ற செருகுநிரல்கள் வந்தன.

இம்முறையின் வலிமை அதன் மெய்ம்மை. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. துடிப்பு மறுமொழி என்பது ஒலி எழுந்த ஒரு புள்ளிக்கும் பதிவான ஒரு புள்ளிக்கும் இடையிலான உறவு மட்டுமே. பாடகர் இரண்டடி நகர்ந்தாலும் அது மாறும். அளவீட்டின்போது வெறுமையாக இருந்த மண்டபம், மக்கள் நிறைந்த மண்டபமாக ஒலிக்காது. படிமுறை எதிர்முழக்கத்தில் தாமதங்களை மெல்ல அசைத்து வால்பகுதிக்கு உயிரோட்டம் அளிக்கலாம். கன்வல்யூஷனில் இடம் உறைந்த நிலையிலேயே இருக்கும்.

5. அளபுருக்களும் இசைத் தயாரிப்பும்

நேரடி ஒலிக்கும் எதிர்முழக்கத்தின் தொடக்கத்திற்கும் இடையிலான இடைவெளி ‘முன்தாமதம்’ எனப்படும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 20 மில்லிவிநாடி முன்தாமதம் என்பது எதிரொளித்த அலை நேரடி அலையைவிட ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ததைக் குறிக்கும். முன்தாமதம் இல்லாவிடில் குரல் முழக்கத்தில் அமிழும். 20 முதல் 40 மில்லிவிநாடி அளித்தால் சொல்லின் தொடக்க மெய்யொலி தெளிவாகக் கேட்டபின் முழக்கம் தொடரும். குரல் முன்னே நிற்க, இடம் பின்னே விரியும்.

எதிர்முழக்க நேரத்தைப் பாடலின் நடையே தீர்மானிக்க வேண்டும். எதிர்முழக்க நேரம் 2 விநாடி எனில் ஒலி விநாடிக்கு 30 டெசிபெல் வீதம் குறையும். ஒரு ஸ்வரம் 100 மில்லிவிநாடி மட்டுமே நீடிக்கும் விரைவான பிருகாவில், அடுத்த ஸ்வரம் தொடங்கும்போது முந்தைய ஸ்வரத்தின் முழக்கம் 3 டெசிபெல் மட்டுமே குறைந்திருக்கும். ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கமகத்தின் நெளிவு மங்கிவிடும். விளம்ப கால ஆலாபனையில் நிறைவளிக்கும் அதே முழக்கம் துரித காலத்தில் குழப்பத்தை விளைவிப்பது இதனாலேயே.

உயர் அதிர்வெண் தணிப்பும் கருதத்தக்கது. காற்றும் துணியும் மனித உடலும் உயர் அதிர்வெண்களை விரைந்து உறிஞ்சுவதால் இயற்கையான முழக்கம் நேரம் செல்லச்செல்ல மங்கலாகும். தணிப்பு இல்லாத முழக்கத்தில் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் சீறி நிற்கும். முழக்கத்தில் மட்டும் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பியும் கிடாரின் கீழ்த்தந்தியும் குரலை மூடாது.

செருகுநிரலை ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே இடுவதைவிட, ஒரு துணைத்தடத்தில் இட்டுப் பல தடங்களிலிருந்தும் வேண்டிய அளவு ஒலியை அதற்கு அனுப்புவது சிறந்தது. அதனால் எல்லாக் கருவிகளும் ஒரே அறையில் இருப்பதான ஒருமை கிட்டும். கூடுதலாக அனுப்பப்படும் கருவி தொலைவிலும் குறைவாக அனுப்பப்படுவது அருகிலும் இருப்பதாகச் செவி உணரும். துணைத்தடத்தில் முழக்கம் மட்டுமே வெளிப்படுமாறு கலவை விகிதத்தை முழுமைக்கு வைத்தல் வேண்டும்.

6. ஒலி வடிவமைப்பில்

திரைப்படத்தில் காட்சி காட்டும் இடமும் ஒலி உணர்த்தும் இடமும் முரண்படலாகாது. பின்னணிக் குரல்பதிவு சிறு அறையில் நிகழ்வதால், திறந்தவெளிக் காட்சியில் அறையின் முழக்கம் எஞ்சினால் காண்போர் காரணம் அறியாமலேயே நம்பிக்கை இழப்பர். 1973இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்திற்கு வால்டர் மர்ச், வானொலிப் பாடல்களை உண்மையான திறந்தவெளிகளில் ஒலிக்கச்செய்து மறுபதிவு செய்தார். அன்று இடத்துக்கே சென்று செய்த பணியைத் துடிப்பு மறுமொழி இன்று கணினிக்குள் செய்கிறது. வானொலிப் பெட்டி, தொலைபேசி, மகிழுந்தின் உட்புறம் ஆகியவற்றின் மறுமொழிகளும் இவ்வாறே பயன்படுகின்றன. முழக்கத்தைப் பின்னோக்கித் திருப்பிச் சொல்லுக்கு முன்பே எழச் செய்தல், வால்பகுதியை முடிவின்றி நீட்டித்தல் முதலியன இயற்கையில் இல்லாத வெளிகளைப் படைக்கும் உத்திகள்.

7. ஆவணமாகும் எதிர்முழக்கம்

இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோஃபியாவில் 2010ஆம் ஆண்டு பலூன்களை வெடித்துப் பெற்ற பதிவுகளைக் கொண்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் ஒலியியலை மீட்டுருவாக்கினர். அக்கட்டடத்தில் ஒலி பத்து விநாடிகளுக்கும் மேலாக நீடிக்கிறது. கப்பெல்லா ரோமானா என்னும் பாடகர் குழு அமெரிக்காவில் இருந்தபடியே அம்முழக்கத்துக்குள் பைசாந்தியப் பாடல்களைப் பாட, அப்பதிவு 2019இல் வெளியானது. பாரிஸின் நோத்ர-தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2013இல், அதன் ஒலியியல் அளக்கப்பட்டிருந்தது. எரிந்த கூரைக்குக் கீழே முன்பு எழுந்த ஒலிக்கு அவ்வளவீடு சான்றாக நின்றது.

இச்சான்றுகள் ஆய்வாளருக்கு ஒரு பொறுப்பையும் உணர்த்துகின்றன. களத்தில் பதிவான ஒப்பாரியோ தாலாட்டோ அது பாடப்பட்ட திண்ணையின், முற்றத்தின் ஒலியையும் தாங்கியுள்ளது. அதன்மீது மண்டப முழக்கத்தைச் சேர்த்து வெளியிட்டால், பிற்கால ஆய்வாளர் அப்பாடல் பெருவெளியில் பாடப்பட்டதாகக் கொள்ள இடமுண்டு. ஒருமுறை கலந்துவிட்ட முழக்கத்தைப் பழுதின்றிப் பிரித்தெடுக்க இயலாது. எனவே முழக்கம் சேர்க்கப்படாத மூலப்பதிவைத் தனியே பேணுதல், சேர்த்த செருகுநிரலையும் அதன் அளபுருக்களையும் குறித்துவைத்தல், கன்வல்யூஷன் எனில் எவ்விடத்தின் மறுமொழி என்பதைத் தெரிவித்தல் ஆகியன ஒலி ஆவணத் தொகுப்பின் அடிப்படை நெறிகளாதல் வேண்டும்.

முடிவுரை

எதிர்முழக்கச் செருகுநிரல் ஒலிக்கு ஓர் இடத்தை வழங்குகிறது. படிமுறை வகை கற்பனை இடங்களை நெகிழ்வுடன் உருவாக்குகிறது; கன்வல்யூஷன் வகை உண்மை இடங்களை ஒரு கணத்தில் உறையவைத்து அளிக்கிறது. முன்தாமதம், எதிர்முழக்க நேரம், தணிப்பு, கலவை விகிதம் ஆகியவற்றை இடத்தின் இயல்போடும் இசையின் நடையோடும் பொருத்தி அமைக்கும்போது ஒலி தெளிவும் நம்பகமும் பெறும். படைப்பில் இக்கருவி தரும் சுதந்திரம் ஆவணத்திற்குப் பொருந்தாது. ஆவணத்தில் பாடலைப் போலவே அது பாடப்பட்ட இடமும் தரவு. அதனை மாற்றும் உரிமை தொகுப்பாளருக்கு இல்லை.